வெட்டத் தகுந்த வண்டி

"எந்த வண்டியை எடுக்கலாமுங்க, அம்மணி?"

கேட்டுவிட்டு நாச்சிமுத்து காத்திருந்தார்.

ஜெசிந்தா கையில் இருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"ஹாட் ராட் கட்டறதுக்குங்க. பழைய இங்கிலீஷ் வண்டியா இருக்கணும்."

"அது புரியுது. எதுக்குக் கட்டறீங்க?"

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயது. கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பிடம் சரளமாகப் பேசுவார். மனிதர்களிடம் வார்த்தை தேடுவார்.

"தம்பிக்குங்க," என்றார்.

பழைய காரின் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கூரையை வெட்டித் தாழ்த்தி, அதற்குப் பொருந்தாத பெரிய எஞ்சின் ஒன்றை முன்னால் ஏற்றி, வேகத்துக்கென்றே மறுபடி கட்டுகிற வண்டிக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். ரோட்டில் ஓட்ட முடியாது. தனியார் ஓடுபாதையில் சுற்றிச் சுற்றி வரலாம். அதற்காகவே சொத்தையும் தூக்கத்தையும் தொலைத்த மனிதர்கள் கொங்கு நாட்டில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

அவர்கள் யாரும் ஜெசிந்தாவிடம் காட்டாமல் ஒரு வண்டியின் மேல் கத்தி வைப்பதில்லை.

போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்தவர் ஜெசிந்தா. நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது சின்னவர். கோயமுத்தூரில் கணபதிக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். வண்டியைச் சுற்றி வருவார். அடியில் படுப்பார். எழுந்து, முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டில் ஒன்றைச் சொல்வார். "வெட்டலாம்." அல்லது, "வெட்டாதீங்க."

காரணம் கேட்டால் டீ சொல்லிவிடுவார்.

"தம்பி வரலையா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"நடக்க முடியாதுங்க."

"பிறந்ததிலேர்ந்தா?"

"இல்லீங்க. நாலு வருஷமா."

ஜெசிந்தா துணியைக் கீழே போட்டார்.

"எதை வெட்டினா யாரும் அழ மாட்டாங்களோ, அந்த வண்டியைத் தேடுங்கண்ணா," என்றார்.

*

தம்பியின் பெயர் கிட்டுசாமி. வால்பாறை மலைப்பாதையில் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மழை, பனி, எதிரே தேயிலை லாரி. பதினெட்டு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் ஸ்டியரிங்கைக் காட்டுவான்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு ஹாட் ராட் கட்டினார்கள். அண்ணன் கட்டினார், தம்பி ஓட்டினான். முதல் நாள், முதல் ஓட்டம், மூன்றாவது சுற்று. இடது பக்க வளைவில் வண்டியின் முன்பாகம் கழன்று, வண்டி இரண்டு முறை புரண்டது.

கிட்டுசாமியின் இடுப்புக்குக் கீழே அன்றைக்கு அணைந்ததுதான்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள்: பஸ் ஓட்டிப் பழகின கை, சின்ன வண்டி பிடிபடலை, வளைவிலே முந்தித் திருப்பிட்டான்.

அந்த வண்டியின் பெயரை நாச்சிமுத்து அதற்கப்புறம் வாயால் சொன்னதே இல்லை. பிரிட்டிஷ் வண்டி என்பார். அவ்வளவுதான்.

இப்போது கிட்டுசாமி அண்ணன் வீட்டில், முன்னறைக் கட்டிலில் இருந்தான். அண்ணி தங்கமணி சோறு போட்டாள். அண்ணன் தினமும் காலையில் அவன் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கால்களுக்குத் தெரியாது. இருந்தாலும் தேய்த்தார்.

ஒரு நாள் கிட்டுசாமி சொன்னான்: "அண்ணா, இன்னொண்ணு கட்டுங்க."

நாச்சிமுத்துவின் கை நின்றது.

"கையாலேயே பிரேக் போடற மாதிரி, கையாலேயே ஆக்ஸிலேட்டர் குடுக்கற மாதிரி கட்டுங்க. ஒரே ஒரு சுத்து. அந்த இடது வளைவை ஒருக்கா தாண்டிட்டா போதும். அப்புறம் நான் உங்களை எதுவுமே கேக்க மாட்டேன்."

இல்லை என்று சொல்ல நாச்சிமுத்துவுக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு எப்போதுமே வாய் வந்ததில்லை.

*

முதலில் குன்னூரில் ஒரு மாரிஸ் மைனர். நாச்சிமுத்து கண்டுபிடித்தார், ஜெசிந்தா கூட வந்தார்.

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். கண் மங்கிவிட்டதால் வண்டியைக் கொடுத்துவிட நினைத்தார். கதவை அவர் திறந்து காட்டிய விதத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வெட்டாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் நாச்சிமுத்து கேட்டார்: "நல்ல வண்டிதானுங்களே அம்மணி? துரு இல்லை, ஒண்ணும் இல்லை."

"ஓடற வண்டி. ஒரு மனுசன் அதைத் தினம் தொட்டுப் பார்க்கிறாரு. அதுவும் இல்லாம, மைனருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. கூரையை வெட்டினா முதுகு போயிடும்."

நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயின. ஜெசிந்தா அதைப் பார்த்தார்.

*

கரூரில் மூடிக்கிடந்த சாயப்பட்டறை ஒன்றில் ஓர் ஆஸ்டின் கிடைத்தது. தனி சேஸிஸ். கூடு பாதி போய்விட்டது. யாரும் அதை மறுபடி பழைய ஆஸ்டினாக ஆக்க முடியாது, ஆக்கவும் நினைக்கவில்லை.

"வெட்டலாம்," என்றார் ஜெசிந்தா.

நாச்சிமுத்து துணிப்பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். சேஸிஸின் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு தட்டினால் ஒரு மாதிரி பேசும். உளுத்த இரும்பு வேறு மாதிரி. மூன்று மணி நேரம் தட்டினார்.

"வேண்டாமுங்க. இங்கே ஒரு இடத்திலே சத்தம் மாறுது."

ஜெசிந்தா அந்த இடத்தில் தட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் மாறவில்லை. சரி என்றார்.

பொள்ளாச்சியில் சின்ன ஃபோர்டு. உலகம் பூராவும் இந்த வேலைக்கு முதலில் தேடுகிற வண்டி. லேசானது, நேரான கூடு, கழற்றி மாட்ட எளிது. அதன் போல்ட் ஒன்று நாச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

சத்தியமங்கலத்தில் ஒன்று. தாராபுரத்தில் ஒன்று. ஊட்டியில் இரண்டு. ஒவ்வொன்றிலும் அவர் சுத்தியல் ஏதோ ஒன்றைக் கேட்டது. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நடுவில் ஒரு நாள், கிணற்றடியில் இருபது வருஷம் நனைந்து கிடந்த கார் ஒன்றை யாரோ லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் கொட்டகையில் இறக்கினார்கள். பெயர்ப்பட்டைகூட இல்லை. என்ன வண்டி என்று ஜெசிந்தாவுக்கே சொல்லத் தெரியவில்லை. நாச்சிமுத்து சுத்தியலை எடுக்கவே இல்லை. முன்பக்கம் குனிந்து சேஸிஸை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

அவர் விரலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார்.

"இதை வெட்டவே வேண்டாமுங்க. தானா உதிர்ந்துடும்," என்றார் கடைசியில். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வண்டி கொட்டகையின் மூலையிலேயே கிடந்தது.

வீட்டுக்குப் போனதும் கிட்டுசாமி கேட்பான்: "இன்னிக்கு என்னங்கண்ணா பார்த்தீங்க?"

"ஒரு ஆஸ்டின்டா."

"எப்படி இருந்துச்சு?"

"சரியில்லை."

"சரிங்கண்ணா. அவசரம் இல்லீங்க."

அந்த "அவசரம் இல்லீங்க" ஒவ்வொரு தடவையும் நாச்சிமுத்துவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாப்பாடு இறங்காது. தங்கமணி கேட்டால் வெயிலில் அலைந்தது என்பார்.

*

கடைசியில் ஜெசிந்தாவே ஒன்றைக் கண்டுபிடித்தார்.

வேடசந்தூர் பக்கம் புகையிலைக் கிடங்கு. உள்ளே, மூட்டைகளுக்குப் பின்னால், ஐம்பது வருஷமாகக் காய்ந்த காற்றில் நின்றிருந்தது ஒரு மாரிஸ் எய்ட். எஞ்சின் இல்லை. ஒரு கதவு இல்லை. உள்ளே சீட் ஒன்றுகூட இல்லை. பழையபடி ஆக்க வழியே இல்லாத வண்டி. ஆனால் கீழே சேஸிஸ் நேற்று வார்த்தது மாதிரி இருந்தது.

ஜெசிந்தா அடியில் படுத்தார். வெகுநேரம் கழித்து எழுந்தார்.

"அண்ணா, இதுக்கு மேல ஒண்ணு எனக்குக் கிடைக்காது. வெட்டலாம்."

நாச்சிமுத்து தட்ட ஆரம்பித்தார்.

காலையில் தொடங்கியவர் வெயில் சாய்கிற வரை தட்டினார். குறுக்கே தட்டினார், நெடுக்கே தட்டினார், காதை இரும்பின் மேல் வைத்துத் தட்டினார். கிடங்குக்காரர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கேயும் சத்தம் மாறவில்லை.

நாச்சிமுத்து எழுந்தார். முகமெல்லாம் புகையிலைத் தூசி.

"வேண்டாமுங்க."

"எங்கே துரு?"

"தெரியலீங்க."

"அப்புறம் ஏன்?"

"உள்ளே எங்கியாவது இருக்குமுங்க. வெளியே தெரியாது. அது இருந்தா வெளியே தெரியாதுங்க அம்மணி."

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டார்:

"அந்த வண்டியிலே எங்கே இருந்துச்சு?"

"இடது பக்கம். முன்னாலே, குறுக்குச் சட்டம் சேர்ற இடத்திலே..."

நாச்சிமுத்து நிறுத்தினார்.

கிடங்கில் ஒரு புறா இறக்கையை அடித்துக்கொண்டது.

அந்த வண்டியில் துரு இருந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஜெசிந்தா கிடங்குக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொல்லிடறேன். பத்து நாள் கழிச்சு வாங்கண்ணா," என்றார்.

*

பத்து நாள் கழித்துப் போனார்.

கொட்டகை நடுவில் ஒரு வண்டி நின்றிருந்தது. புத்தம் புதுக் கறுப்புப் பெயின்ட். அதில் நாச்சிமுத்துவின் முகம் தெரிந்தது.

"வாங்க. தம்பிக்கு வண்டி கிடைச்சாச்சு," என்றார் ஜெசிந்தா. "எடுத்துட்டுப் போங்க."

நாச்சிமுத்து சுற்றி வந்தார். இது மாரிஸ் இல்லை. இந்தக் கூட்டை எங்கேயோ பார்த்திருக்கிறார். மூலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பெயர்ப்பட்டை இல்லாத வண்டியைக் காணோம். அது இருந்த இடத்தில், தார்ப்பாயை மூடிக்கொண்டு மாரிஸ் நின்றது.



"அம்மணி, இது அந்த வண்டி."

"எந்த வண்டி?"

"என் விரல் உள்ளே போச்சுங்களே, அது."

"இப்பப் போகுதான்னு பாருங்க."

குனிந்து அழுத்திப் பார்த்தார். போகவில்லை. மேலே மெல்லிய தகடு ஒன்றை வைத்து ஒட்டி, பட்டி போட்டு இழைத்து, பெயின்ட் அடித்திருந்தது. விரலால் தட்டினால் சத்தம்கூட நன்றாகத்தான் வந்தது.

"வேலை சுத்தமா இருக்கா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"இது ஓட்டினா உடைஞ்சுடுமுங்க."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்களே!"

"தம்பிக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். அவரு ஆசைப்படறாரு. அவரு முகத்தைப் பார்த்து எப்படிங்கண்ணா வேண்டாம்னு சொல்றது?"

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

பிறகு பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். இந்தத் தடவை தட்டவில்லை. அடித்தார். கறுப்புப் பெயின்ட் சிதறியது, பட்டி பெயர்ந்து விழுந்தது, தகடு வளைந்து கழன்றது. துரு சிவப்பாகக் கொட்டியது. சுத்தியல் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தேனுங்க," என்றார். "அந்த ஓட்டத்துக்கு முந்தின வாரமே பார்த்தேன். கட்டைவிரல் அளவு ஓட்டை. அந்தச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுசு போடணும்னா ஒரு மாசம் ஆகும். அவன் பத்து நாள் லீவு போட்டுட்டு வந்து உட்கார்ந்திருந்தான். தினம் காலையிலே எனக்கு முன்னாலே எழுந்து அந்த வண்டியைத் துடைப்பான். வேண்டாம்னு சொல்ல முடியலை. ஒரு தகடு வெச்சேன். பெயின்ட் அடிச்சேன். ஒரு நாள்தானே, தாங்கும்னு நெனச்சேன்."

ஜெசிந்தா கீழே கிடந்த தகட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவன் ஆஸ்பத்திரியிலே இருக்கறப்பவே வண்டியைத் துண்டு துண்டா வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேனுங்க. யாரும் பார்க்கலை."

அவர் அழவில்லை. அழுதால் தேவலை என்பது போல இருந்தது முகம்.

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றார் ஜெசிந்தா.

*

மறுநாள் காலை. நாச்சிமுத்து தம்பியின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கமணி பின்கட்டில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"கிட்டு."

"சொல்லுங்கண்ணா. மாரிஸ் கிடைச்சிருக்காமா?"

"கிட்டு, அந்த வண்டியிலே துரு இருந்துச்சு."

"எந்த வண்டியிலே?"

சொன்னார். இடது பக்கம், குறுக்குச் சட்டம் சேருகிற இடம், கட்டைவிரல் அளவு, தகடு, பெயின்ட், எல்லாவற்றையும் சொன்னார். கண்ணை எடுத்துத் தம்பியைப் பார்க்கவில்லை. கை தன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

சொல்லி முடித்தும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க," என்றான் கிட்டுசாமி.

எடுத்தார்.

கிட்டுசாமி தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரியிலே கேட்டேன்," என்றான். "கண்ணு முழிச்சதும் முதல்ல அதைத்தான் கேட்டேன். 'நான்தான் தப்பாத் திருப்பிட்டேனாங்கண்ணா'ன்னு."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

நாற்பத்தொன்பது வருஷத்தில் கிட்டுசாமி அண்ணனை "நீ" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னேன்னு கேக்கறேன்."

"'விடு, இப்ப எதுக்கு அது'ன்னு சொன்னேன்."

"ஆமா. விடுன்னு சொன்னே. தப்பா இருந்தாலும் தம்பியைத் திட்ட மனசு வரலைன்னு நெனச்சேன். அஞ்சு வருஷம். தினமும் படுத்துக்கிட்டே அந்த வளைவை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே திருப்பினேன், எவ்வளவு திருப்பினேன்னு. மலை மேலே நாற்பது வளைவு ஓட்டின கை. இந்த ஒரு வளைவு எப்படித் தப்புச்சுன்னு."

அவன் குரல் உயரவே இல்லை.

"காலு போனது போச்சு. அது வண்டி உடைஞ்சா போறதுதான். என் கையையும் நீ எடுத்துக்கிட்டியே."

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு சுற்று என்று தம்பி எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது.

அன்றைக்குச் சாயங்காலமே கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். கிட்டுசாமி கூப்பிட்டிருந்தான். ஏறும்போது அண்ணியிடம் சொல்லிக்கொண்டான். அண்ணன் தூக்கிவிட வந்தார். வேன் டிரைவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னான்.

*

ஒரு மாதம் கழித்து நாச்சிமுத்து கொட்டகைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"சொல்லிட்டேனுங்க," என்றார்.

ஜெசிந்தா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நாச்சிமுத்து உட்காரவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா அவன் என் வீட்டிலேயே இருந்திருப்பான். தினமும் முகத்தையாவது பார்த்துட்டு இருந்திருப்பேன். 'அண்ணா'ன்னு கூப்பிட்டுட்டு இருந்திருப்பான். உங்களாலேதான் சொன்னேன். எல்லாம் போச்சு. அஞ்சு வருஷம் கட்டிக் காப்பாத்தின தம்பி போயிட்டான்."

"அஞ்சு வருஷமா உங்க வீட்டிலே இருந்தது யாருங்கண்ணா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"என் தம்பிதான்."

"வளைவிலே வண்டியைத் தப்பாத் திருப்பினானே, அவனா?"

நாச்சிமுத்து ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்லையே," என்றார் ஜெசிந்தா. "இல்லாத ஆளுக்குத்தான் எண்ணெய் தேய்ச்சுட்டு இருந்தீங்க."

பிறகு எழுந்துபோய் ஒரு லாரிக்காரரிடம் பேசத் தொடங்கிவிட்டார். நாச்சிமுத்து வெயிலில் நின்றார். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோபிக்குப் பஸ் ஏறினார்.

அக்கா வாசலில் நாற்காலி போடுவாள். காபி கொண்டுவந்து வைப்பாள். உள்ளே போய்விட்டு வந்து, "தூங்கறான்டா," என்பாள். பகல் பதினோரு மணிக்கு. நாச்சிமுத்து தலையாட்டிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு பஸ்ஸுக்குப் போவார்.

ஏழு ஞாயிறு அப்படிப் போனது. ஊரில் யாரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. தங்கமணி முன்னறைக் கட்டிலை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் எழுந்துபோனார்.

எட்டாவது ஞாயிறு, காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது, உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

கிட்டுசாமி சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்து நின்றான். இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். அண்ணனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான்.

நாச்சிமுத்து எழுந்து நின்றார்.

"அந்த மாரிஸ் என்னாச்சு?"

"கொட்டகையிலே நிக்குது, கிட்டு. அந்த அம்மா யாருக்கும் குடுக்கலை."

"சேஸிஸ்?"

"சுத்தம். பூரா தட்டிட்டேன். ஒரு பொட்டு இல்லை."

சொன்ன பிறகுதான், இந்த வார்த்தையை இனி இவன் எப்படி நம்புவான் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது.

கிட்டுசாமி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அது தெருக்கோடி திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டு," என்றான்.

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கட்டறேன்டா. நாளைக்கே ஆரம்பிச்சுடறேன். கை பிரேக், கை ஆக்ஸிலேட்டர், எல்லாம் உனக்குத் தோதா அளவெடுத்து..."

"எனக்கில்லை. கை தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு எதுக்கு இனிமே?"

"அப்புறம் யாருக்கு?"

"நீ ஓட்டு."

நாச்சிமுத்து தம்பியைப் பார்த்தார். முப்பது வருஷம் மில்லுக்குச் சைக்கிளில் போனவர் அவர். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி எந்த வண்டியையும் அவர் விரட்டியதில்லை.

"அந்த இடது வளைவு," என்றான் கிட்டுசாமி. "மூணு சுத்து. நான் ஓட்டின வேகத்திலே."

அக்கா கதவோரம் வந்து நின்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி," என்றார் நாச்சிமுத்து. பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டார்: "பக்கத்திலே நீ உட்காருவியா, கிட்டு?"

கிட்டுசாமி நாற்காலியை உள்பக்கமாகத் திருப்பினான்.

"ஒரு சீட் போட்டா போதும்," என்றான்.